கருவாட்டுப் பழி

இந்தாங்க தம்பி, இந்த கேரியரை நீங்க எடுத்துக்கோங்க. மூணு அடுக்கு. மேல சோறு இருக்கும். கீழ ரெண்டுலயும் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கிடவும் வேண்டாம். மூணு நாளா என் மச்சான் பத்து மணிக்கு டாண்ணு கொண்டாந்து இந்த பெஞ்சுல வச்சிட்டுப் போறாரு. நானும் மூணு நாளா தர்மம் பண்ணிக்கிட்டிருக்கேன். நேத்து வாசல்ல நிக்கிற செக்யூரிட்டிக்குக் குடுத்தேன். சாப்பிட்டுட்டு, இதையா சார் வேண்டாம்னிய, உங்களுக்கு நாக்கு இருக்கா இல்லையான்னு கேட்டாரு. நாக்கு இருக்கு. மானமும் இருக்கே, அதுக்கு என்ன செய்ய.

வீட்டம்மா வந்த பிறகு சாப்பிடுதியளா? சரி, நல்லது. பக்கத்துல வச்சுக்கோங்க. ஒட்டன்சத்திரத்துல இருந்து விடியமுன்ன கிளம்பி வந்திருக்கிய, பசிக்கும். உங்க வீட்டம்மா உள்ள டாக்டரம்மாகிட்ட பேசி வர எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். அந்த அம்மா பொறுமைசாலி. எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்லுவாவ. கையில தாள் குடுத்துட்டாவளா? அதான், பத்திய லிஸ்ட். பத்திரமா வச்சுக்கோங்க. ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாளாச்சு? ரெண்டு மாசமா. கழுத்துத் தையல் ஆறியிருக்கும். பயப்படாதிய. இனிமே இருக்கிறது வெட்டுற வேலை இல்ல, உப்பு வேலைதான். அதுல என்னைக் கேட்டா போதும்.

எனக்கு ஊரு தூத்துக்குடி. பேரு அய்யாக்குட்டி. உப்புக் கம்பெனியில இருபத்தாறு வருஷமா அயோடின் கலக்குற இடத்துல இருக்கேன். பெல்ட்டுல உப்பு வரும், மேல இருந்து மருந்துத் தண்ணி பூ மாதிரி தூவும். முடிவுல ஒரு சிட்டிகை உப்பை எடுத்து, ஒரு சொட்டு மருந்து விட்டுப் பாக்கணும். நீலமாச்சுன்னா அயோடின் இருக்கு. வெள்ளையாவே இருந்தா இல்ல. அந்தச் சொட்டு மருந்து ஒண்ணும் பெரிய மந்திரம் இல்ல தம்பி, அடிப்படையில அது கஞ்சிதான். கஞ்சியில அயோடின் பட்டா நீலமாகும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாப்பது தடவை அந்த நீலத்தைப் பாத்துப் பாத்து, தூக்கத்துல கூட எனக்கு அந்தக் கலர்தான் வரும். நீங்க உங்க வீட்டுல போடுற உப்பு என் கை வழியா வந்ததாக்கூட இருக்கலாம்.

அப்படிப்பட்டவன் பொண்டாட்டிக்கு வந்து, அயோடினே கூடாதுன்னு சொன்னா எப்படி இருக்கும்?

போன தை மாசம் செல்வக்கனிக்கு, அதான் என் வீட்டுக்காரிக்கு, தைராய்டு கட்டியை எடுத்தாவ. எடுத்து சோதிச்சுப் பாத்துட்டு கேன்சர்னு சொன்னாவ. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ரெண்டு காதும் அடைச்சுப்போச்சு. அவதான் என் கையைப் பிடிச்சு உக்கார வச்சா. டாக்டரம்மா பொறுமையா சொன்னாவ. பயப்பட ஒண்ணும் இல்ல, பெரும்பாலும் குணமாகிற வகைதான், எங்கயாவது துளி மிச்சம் ஒட்டிக்கிட்டிருந்தா அதைக் கருக்க கதிரியக்க அயோடின் குடுக்கணும், அதுக்கு முன்னால உடம்பைத் தயார் பண்ணணும்னாவ. அயோடின்ன உடனே எனக்கு உயிர் வந்துட்டு. மேடம், அது நம்ம டிபார்ட்மெண்ட்டுன்னு சொன்னேன். அந்த அம்மா சிரிச்சாவ. செல்வக்கனி சிரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் வெளியாள்கிட்ட பெருமை பேசினா அவ எப்பவும் தலையைக் குனிஞ்சுக்கிடுவா.

விஷயம் இதுதான். மிச்சம் இருக்கிற அந்தத் துளிக்கு அயோடின்னா உசிரு. அதை முதல்ல பட்டினி போடணும். உப்புல, மீனுல, பாலுல எதுலயும் அயோடின் போகாம நல்லாக் காயப்போட்டு, அது காஞ்சு கெடக்கும்போது கதிர் உள்ள அயோடினை இலை போட்டுப் பரிமாறணும். பாய்ஞ்சு தின்னும், தின்னு கருகிப்போகும். நடுவுல யாராவது திருட்டுத்தனமா ஒரு வாய் குடுத்துட்டா, பந்தி நேரத்துல வயிறு நிறைஞ்சு கெடக்கும். மருந்து ஏறாது. அம்புட்டுத்தான், நான் டாக்டரம்மாவை விடத் தெளிவா சொல்லிட்டேன்.

அந்தத் தாளைக் குடுத்தாவல்ல, நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எண்ணெய் கை பட்டு அழிஞ்சுபோகக் கூடாதுன்னு அன்னைக்கே லேமினேஷன் போட்டேன். ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பை நாலு ஓரத்துலயும் போட்டு, அடுப்புக்கு நேர் மேல செவுத்துல ஒட்டினேன். இன்னைக்கும் அசையாம இருக்கு. பேத்தெடுத்தா சுண்ணாம்பும் சேந்து வரும். நீங்களும் அப்படியே செய்யுங்க.

அடுத்து உப்பு. கல்லுப்புன்னா அயோடின் இல்லன்னு சனங்க நினைக்குது. பாக்கெட்டுல வர்ற கல்லுப்புக்கும் நாங்கதான் தெளிச்சு அனுப்புறோம். அதனால நான் உப்பளத்துக்கே போனேன். தெளிக்கிற இடத்துக்கு வராத அம்பாரத்துல கை வச்சு ரெண்டு கிலோ அள்ளி, நானே சொட்டு விட்டுப் பாத்து, வெள்ளையா இருந்ததைக் கண்ணால கண்ட பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். டப்பாவுல 'கனி'ன்னு பேரெழுதி வச்சேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல அவ பேரை நான் எழுதினது அன்னைக்குத்தான். அவ அந்த டப்பாவைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னா.

பத்தியம்னா சும்மா இல்ல தம்பி. மீன் இல்லாத தூத்துக்குடியை நினைச்சுப் பாருங்க. அவளுக்காக நானும் மீனை விட்டேன். ஞாயித்துக்கிழமை மட்டும், அதுவும் வெளிய கடையிலதான். வீட்டுக்குள்ள வரும்போது நாலு தடவை வாய் கொப்புளிச்சுட்டுத்தான் வருவேன். அந்தளவுக்குக் கட்டுப்பாடு. எதுத்த வீட்டுல வளைகாப்பு. அஞ்சு வகை சோறு கட்டி அனுப்பினாவ. நான் நேரா அவுக அடுப்படிக்குப் போய், உப்பு டப்பாவைக் காட்டுங்கன்னு கேட்டு, நாலு பேர் முன்னாடி சொட்டு விட்டேன். குப்புன்னு நீலம். எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டேன். கோயில்ல சுண்டல் குடுத்த பூசாரிகிட்டயும் கேட்டேன். அவரு இன்னும் என்னைப் பாத்தா வேற பக்கம் திரும்பித்தான் விபூதி குடுக்காரு. எதுக்குச் சொல்லுதேன்னா, என் காவலைத் தாண்டி ஒரு அரிசி அளவு அயோடின் என் வீட்டுக்குள்ள வந்திருக்க முடியாது.

ஆனா உப்பு விஷயத்துல நான் கொஞ்சம் பொல்லாதவன்தான், ஒத்துக்கிடுதேன். இத்தனை வருஷத்துல அவ வச்ச குழம்புல உப்பு சரின்னு என் வாயில வந்ததே இல்ல. ஒண்ணு தூக்கல், இல்ல மட்டு. அவளும் தினம் கேப்பா, உப்பு எப்படி இருக்குன்னு. நானும் தினம் ஒரு குறை சொல்லுவேன். அது எங்களுக்குள்ள ஒரு வழக்கம்.

பத்தியத்தை விடக் கஷ்டம் அந்த மாத்திரையை நிறுத்துறது. தைராய்டை எடுத்துட்டதால தினம் காலையில ஒரு மாத்திரை போடணும். அதையும் நாலு வாரம் நிறுத்தினாத்தான் மருந்து ஏறும்னு நிறுத்தச் சொல்லிட்டாவ. உங்க வீட்டம்மாவுக்கும் சொல்லுவாவ. இப்பவே சொல்லி வைக்கேன், பதறாதிய. முதல் வாரம் ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது வாரம் ஒரு வெங்காயத்தை அரை மணி நேரமா நறுக்கினா. மூணாவது வாரம் முகம் ஊதிப்போச்சு, குரல் ஆம்பிளைக் குரலாப்போச்சு. சித்திரை வெயில்ல போர்வையைப் போத்திக்கிட்டு, குளுருதுன்னு உக்காந்திருந்தா. நான் ஏதாவது சண்டைக்கு இழுத்தாக்கூட, சரிங்கன்னு சொல்லிட்டுச் சும்மா இருந்தா. என்ன ஏது கேட்டாலும் சரிங்க. எனக்கு அதுதான் பயமாப்போச்சு. அவ பதிலுக்குப் பேசாத வீட்டுல நான் இருந்ததே இல்ல தம்பி. இவ இல்லாம போயிட்டா வீடு இப்படித்தான் இருக்கும்னு தோணிச்சு. வேலைக்கூடத்துல பெல்ட் சத்தத்துக்கு நடுவுல நின்னு ஒரு நாள் அழுதேன்.

அப்பத்தான் அவ பாதம் வெடிச்சது. மாத்திரை இல்லாம தோலெல்லாம் காஞ்சு, ரெண்டு குதிகாலும் பாளம் பாளமா வெடிச்சு ரத்தம் கசிஞ்சது. சாயங்காலம் வேலை விட்டு வந்து பாக்கேன், சிமெண்டுத் தரையில ரத்தத் திட்டு. எங்க கம்பெனியில எல்லாருக்கும் கால் வெடிக்கும், உப்புல நிக்கிறவங்கதானே. அதுக்குன்னே முதலுதவிப் பெட்டியில காயத்துக்குப் போடுற பழுப்பு மருந்து பெரிய பாட்டில்ல இருக்கும். ஒரு பாட்டிலைக் கேட்டு வாங்கியாந்தேன். அன்னையில இருந்து தினமும் வேலை விட்டு வந்ததும், அவளை நாற்காலியில உக்கார வச்சு, வெந்நியில காலைக் கழுவி, துணியால ஒத்தி, பஞ்சுல அந்த மருந்தைத் தோய்ச்சு ஒவ்வொரு வெடிப்பா நிறைப்பேன். பத்து நாள். ஒரு நாள் தவறல. பொண்டாட்டி காலைத் தொட்டவன்னு ஊருல தெரிஞ்சா சிரிப்பான். சிரிக்கட்டும். முதல் நாள் அவ காலை உள்ள இழுத்துக்கிட்டா. பிறகு நான் வர்ற நேரத்துக்கு அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்திருப்பா. அந்தப் பத்து நாள்ல அவ முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சுன்னா அது அந்த நேரத்துலதான்.

மறதியும் வந்துட்டு அவளுக்கு. இதைக் கேளுங்க. அவ கஞ்சி போட்ட பருத்திச் சேலைதான் கட்டுவா. ஒரு நாள் பாக்கேன், சேலையோட கீழ்க்கரை பூரா திட்டுத் திட்டா நீலம், கருநீலம். சேலைக்குச் சொட்டு நீலம் ஜாஸ்தியாப் போட்டுட்ட, கனின்னு சொன்னேன். நான் நீலமே போடலயேங்கா. சரி, மாத்திரை நிறுத்தின கோளாறு, போட்டதையே மறந்துட்டா பாவம்னு நானே சேலையை அலசிப் போட்டேன்.

நாலு வாரம் முடிஞ்சது. மறுநாள் காலையில மதுரை ஆஸ்பத்திரியில சோதனை. முந்தின நாளே வந்து மச்சான் வீட்டுல தங்கினோம். செல்வக்கனியோட அண்ணன் வீடு. அவரு சம்சாரம் ஜெயக்கொடி அக்கா, கனிக்கு மதினி. நல்ல பொம்பளைதான், நானும் அக்கா அக்கான்னு உயிரை விட்டவன்தான். அந்த அக்கா கையில, என் உப்பு டப்பாவைக் குடுத்து, இதைத் தவிர எதையும் போடாதியன்னு சொல்லி ஒப்படைச்சேன்.

மறுநாள் மூத்திரத்தைச் சோதிச்சாவ. அயோடின் ஏகப்பட்டது இருக்குன்னு ரிசல்ட்டு. உங்க மிஷின் தப்புன்னு நேரா லேபுக்கே போயிட்டேன். இருபத்தாறு வருஷம் அயோடின்ல ஊறினவன்கிட்ட விளையாடாதியன்னு சத்தம் போட்டேன். அவன் ஒரு சின்னப் பயல், அமைதியா கேட்டுட்டு, ரெண்டு தடவை போட்டுப் பாத்தாச்சு சார்னான். அரை மணி நேரம் கழிச்சு டாக்டரம்மா என்னை உள்ள கூப்பிட்டாவ. செல்வக்கனி அங்க உக்காந்திருந்தா. செருப்பைக் கழத்தி வச்சுட்டு, வெறுங்காலா. அவளே வாயைத் திறந்தா. அந்த ஆம்பிளைக் குரல்ல, நிறுத்தி நிறுத்திச் சொன்னா.

"நான்தாங்க தப்புப் பண்ணிட்டேன். நேத்து மதினி வீட்டுல நெத்திலிக் கருவாடு தின்னுட்டேன். ஆசையா இருந்துச்சு."

தம்பி, எனக்கு எப்படி இருந்திருக்கும்? டாக்டரம்மாவைப் பாத்தேன். அந்த அம்மா அவளையே கொஞ்ச நேரம் பாத்தாவ. பிறகு என்கிட்ட, "பாசத்துல நடந்ததுங்க ஐயா, யாரையும் திட்டாதிய"ன்னு சொன்னாவ. பாசமாம். கருவாட்டைக் குடுக்கிறதுல என்ன பாசம்? ஜெயக்கொடி அக்காவைக் காப்பாத்துறதுக்கு டாக்டரும் கூட்டு. மூணு மாசம் தள்ளிப்போட்டாவ. மறுபடி மாத்திரை, மறுபடி நிறுத்தல், மறுபடி அந்த நாலு வாரம். அந்த நரகத்தை அவ ரெண்டாம் தடவை படணும். ஒரு கருவாட்டுக்காக.

வராண்டாவுல நின்னே அக்காவுக்குப் போன் போட்டேன். கருவாடு குடுத்தியளான்னு கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அஞ்சு எண்ணுற நேரம். பிறகு, "ஆமா தம்பி, நான்தான் குடுத்தேன். கனியை ஒண்ணும் சொல்லாதிய"ன்னாவ. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தியளா? கேட்டதும் ஒத்துக்கிட்டாவ. அதோட அவுக கையால பச்சைத் தண்ணி குடிக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். ஊருக்குப் போய் தெரு பூரா சொன்னேன். கம்பெனியில சொன்னேன். எதுத்த வீட்டுல, கோயில்ல, என் பொண்டாட்டியோட நாக்கையும் அவ மதினியோட கருவாட்டையும் பத்திப் பேசாத இடமே இல்ல. அவளுக்கே 'கருவாடு'ன்னு பேர் வச்சுட்டேன். காலையில எழுந்ததும், என்ன கருவாடு, காப்பி ஆச்சான்னு கேப்பேன். பதிலே பேசமாட்டா. மாத்திரை போட்டு நல்லாப் பேச ஆரம்பிச்ச பிறகும், இதுக்கு மட்டும் பதில் பேசல. குத்தமுள்ள நெஞ்சு, வேற என்ன.

ரெண்டாவது தடவையும் கால் வெடிச்சது. நான் பாட்டிலைத் தேடுனா, காணோம். கனிகிட்ட கேட்டா, பூனை தட்டி விட்டுட்டுங்கா. எங்க தெருவுல பூனையே கிடையாது. இன்னொரு பாட்டில் வாங்கியாரேன்னேன். வேண்டாங்க, தேங்காயெண்ணெய் போதும், நானே தடவிக்கிடுதேன்னுட்டா. நாற்காலியும் மூலைக்குப் போயிட்டு. தம்பி, உங்ககிட்ட சொல்ல என்ன, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். கருவாடு தின்னதைக்கூட மறந்துருவேன். என் கை வேண்டாம்னு ஆயிப்போச்சே. நான் கருவாடு கருவாடுன்னு சொன்ன கோவமா இருக்கும்னு விட்டுட்டேன்.

இந்தத் தடவை சோதனையில அயோடின் சுத்தமா இல்ல. மூணு நாளைக்கு முன்ன மருந்து குடுத்துட்டாவ. சின்ன மாத்திரை, பெரிய ஈயக் குடுவையில வச்சு, இடுக்கி மாதிரி ஒண்ணால எடுத்துக் குடுக்காவ. அந்தா அந்தக் கனத்த கதவுக்குப் பின்னால அவ தனியா இருக்கா. உடம்புல இருந்து கதிர் வருமாம், யாரும் போகக் கூடாது. நர்ஸ் தள்ளி நின்னு மீட்டர் பிடிச்சுப் பாக்குது. எச்சில் ஊற புளிப்பு மிட்டாய் சப்பிக்கிட்டே இருக்கணும். போனை பாலித்தீன் கவர்ல போட்டுக் குடுத்தேன். மத்தியானம் ஒரு மணிக்குக் கூப்பிடுவா. சாப்பிட்டியளான்னு கேப்பா. கேண்டீன்ல ஆச்சுன்னு சொல்லுவேன். மதினி குடுத்தது என்னாச்சுன்னு கேப்பா. போனை வச்சுருவேன். சாயங்காலம் மீட்டர்ல அளவு குறைஞ்சா, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிருவாவ.

குடுங்க உங்க தாளை. என் கண்ணாடியை எங்க வச்சேன்... இந்தா இருக்கு. நான் விளக்கமா சொல்லிருதேன், நீங்க என்னை மாதிரி ஏமாறாதிய. அயோடின் கலந்த உப்பு கூடாது. மீன், இறால், நண்டு, கருவாடு. பாத்தியளா, கருவாடுன்னு தனியாவே போட்டிருக்கு, படிக்கத் தெரியாதவளா அவ? பால், தயிர், முட்டை மஞ்சக்கரு. பேக்கரி ரொட்டி. ஆமா, எல்லாம் என் தாள்ல இருந்ததேதான். அவ்வளவுதான், இதை லேமினேஷன் போட்டு...

என்ன, பின்பக்கமா? பின்பக்கம் ஏது?

இருங்க, திருப்புதேன். ஓ. இதுலயும் அச்சடிச்சிருக்கு. எங்க தாள்லயும் இருந்திருக்குமோ. நான் ஒட்டிட்டேன்லா. சரி, என்ன போட்டிருக்கு. 'மருந்துகள்.' இருமல் மருந்து எதுவானாலும் கேட்டுவிட்டுக் குடிக்கவும். ஸ்கேனுக்குப் போடும் ஊசி போட்டிருந்தால் சொல்லவும். 'காயத்துக்குப் போடும் பழுப்பு நிற மருந்தைத் தொடவே கூடாது. அதில் உள்ளது அயோடின். வெடிப்பு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும்.'

இருங்க தம்பி.

நீங்க ஒருக்கா படிங்க. எனக்குக் கண்ணாடி சரியில்ல போல இருக்கு.

அதேதானா.

கஞ்சி போட்ட சேலை. கீழ்க்கரையில நீலம். குதிகால் உரசுற இடத்துல. நாப்பது தடவை, ஒரு நாளைக்கு நாப்பது தடவை பாக்கிற நீலம் தம்பி அது. அதை நான் என் கையால அலசிப் போட்டிருக்கேன்.

அதான் அன்னைக்கு வெறுங்காலா உக்காந்திருந்தா. டாக்டரம்மா காலைப் பாத்திருக்காவ. கேட்டிருப்பாவ, இது யாரு போட்டதுன்னு. நான் லேபுல நின்னு கத்திக்கிட்டிருக்கேன், மிஷின் தப்பு, நான் இருபத்தாறு வருஷம்னு. இவ அங்க உக்காந்து யோசிச்சிருக்கா, இந்த ஆளுகிட்ட எப்படிச் சொல்லன்னு. உங்க கைதாங்க காரணம்னு சொன்னா நான் தாங்கமாட்டேன்னு அவளுக்குத் தெரியும். நாக்கைக் குத்தம் சொல்லிக்கிட்டா போதும்னு முடிவு பண்ணிட்டா. அந்த அக்கா, ஒண்ணும் தெரியாத அக்கா, அஞ்சு எண்ணுற நேரத்துல விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டு, ஆமா நான்தான்னு சொன்னாவ பாருங்க. நான் நெஞ்சழுத்தம்னு சொன்னேன்.

வெக்கமா இருக்கு தம்பி. கருவாடு, கருவாடுன்னு மூணு மாசமா. தெரு பூரா. ஒரு நாள் கூட வாயைத் திறக்கலயே இவ. என் மேல வாய் திறக்காம இருந்ததே இல்ல அவ.

அந்த கேரியரை இங்க குடுங்க. மன்னிச்சுக்கோங்க, குடுத்ததைத் திருப்பிக் கேக்கேன். உங்களுக்கு நான் கேண்டீன்ல சாப்பாடு வாங்கித் தாரேன். இந்தக் கொக்கி ஏன் இப்படி இறுகிக் கெடக்கு. ஆங். சோறு. ரெண்டாவது, கத்திரிக்காய் கூட்டு. மூணாவது...

அடப்பாவி அக்கா.

பாருங்க தம்பி. நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. மூணு நாளும் இதைத்தான் அனுப்பியிருப்பாவ. அதான் அந்த செக்யூரிட்டிக்கு அவ்வளவு சந்தோஷம். என்னைச் சாப்பிட வைக்கவா, கேலி பண்ணவா, தெரியல. ரெண்டுமா இருக்கும். ஒரு வாய் எடுத்துக்கோங்க. உங்களுக்குப் பத்தியம் இல்ல, உங்க வீட்டம்மாவுக்குத்தான். நாலு தடவை வாய் கொப்புளிச்சுட்டு உள்ள போனா ஒண்ணும் ஆகாது.

போன் அடிக்குது. அவதான். ஒரு மணி ஆகிட்டா அதுக்குள்ள? பேசிருதேன், இருங்க.

சொல்லு, கனி. ... ஆமா, சாப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். ... கேண்டீன் இல்ல. அக்கா குடுத்ததுதான். ... நிசமாத்தான். ... கால் எப்படி இருக்கு? ... எண்ணெய் தடவுறியா? நாளைக்கு வந்ததும் நான் தள்ளி நின்னுதான் பாக்கணுமாம், இத்தனை நாளைக்குப் பக்கத்துல வரக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லுது. அது முடியட்டும். நாற்காலியை நான் எடுத்துப் போட்டு வைக்கேன். தேங்காயெண்ணெயே தடவுவோம். ... ஆமா. ... ஆமா, கனி. ஊருக்குப் போனதும் அடுப்படியில இருக்கிற அந்த அட்டையைப் பேத்துருதேன். சுண்ணாம்பு வந்தா வரட்டும். திருப்பி ஒட்டணும்.

... அழாத. மருந்து வேலை செய்யுற நேரத்துல அழக் கூடாது. ... நான் எங்க அழுதேன்? தொக்குல காரம். ... காரம் இருக்கட்டும், வேற என்ன? ... உப்பா?

சரியா இருக்கு, கனி. உப்பு சரியா இருக்கு.